பத்துக்குப் பூஜ்யம்

அட்டையில் செய்த பெரிய சாவியை நீட்டியபடி மேலாளர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

"போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல வண்டியப் பாக்கணும்."

வரிசையில் நின்ற நாங்கள் கைதட்டலைப் பாதியில் நிறுத்தினோம்.

எங்கள் ஷோரூமில் புது வண்டியை ஒப்படைப்பது கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். சிவப்புத் துணியை விலக்குவோம், கைதட்டுவோம், கேக் வெட்டுவோம், அட்டைச் சாவியோடு படம் எடுப்போம். இந்த அமளியில் வண்டியைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அமளியே அதற்குத்தான்.

அந்த அம்மா டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அடிபட்டு நெளிந்த பழைய ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர். சொந்தமாக அவர் வாங்கும் முதல் வண்டி இதுதான்.

அதற்காக அவரை நாங்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கேட்ட நீல நிறம் இல்லை என்றோம். பிறகு வண்டி வழியில் வந்துகொண்டிருக்கிறது என்றோம். அந்த வழி முடியவே இல்லை. வந்த போதெல்லாம் சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, வண்டியை மட்டும் கொடுக்காமல் அனுப்பினோம்.

நான் விற்பனைப் பிரிவு. கோபமாக வருகிறவர்களைப் பேசியே கரைக்க எங்களுக்குப் பயிற்சி உண்டு. அந்த அம்மா கத்தினால்தானே கரைப்பதற்கு!

டிக்கியிலிருந்து ஆரம்பித்தார். ஸ்டெப்னியைத் தட்டினார். ஹாரனை அடித்தார். வைப்பரை ஓடவிட்டார். எல்லா சீட்டிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். கேக்கின் கிரீம் இளக ஆரம்பித்தது. மேலாளருக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்திருக்க வேண்டும்.

பிறகு பானெட்டிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். கடைசியாக இடது பக்கப் பின்கதவில் கை நின்றது.

"இங்க மட்டும் மணலத் தடவுற மாதிரி இருக்கே?"

தூசு என்றார் மேலாளர். நான் ஓடிப்போய்த் துடைத்தேன். மணல் போகவில்லை. கம்பெனி பெயிண்டே அப்படித்தான் என்றார் அடுத்து.

"அப்போ மத்த மூணு கதவும் டூப்ளிகேட்டா சார்?"

எனக்கு வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினேன்.

லாரியிலிருந்து இறக்கும்போது தூணில் இடித்த கதவு அது. பின்பக்கக் கொட்டகையில் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, புது வண்டி என்று துணி போர்த்தி வைத்திருந்தோம். எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தவனுக்கு வேலை இல்லை என்று மேலாளர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. அடுத்த வண்டிக்காகச் சோபாவில் காத்திருந்த குடும்பத்தைப் பார்த்து, "நீங்களும் ஒருதடவை தொட்டுப் பாருங்களேன்" என்று கூப்பிட்டார், வீட்டுக்கு வந்தவர்களை உபசரிப்பது போல.

அவர்கள் எழுந்து வந்தார்கள். அப்பா தொட்டார், அம்மா தொட்டார், இடுப்பிலிருந்த குழந்தைகூடத் தொட்டது.

மேலாளரின் குரல் இறங்கியது. எங்கள் சேவை எப்படி என்று கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும், தயவுசெய்து பத்துக்குப் பத்து மார்க் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். வண்டியை மாற்றித் தந்தால் தாராளமாகச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா.

யாரோ பெரிய மனிதருக்காக ஒதுக்கி வைத்திருந்த நீல வண்டி உடனே வெளியே வந்தது. வழியிலேயே இருந்த வண்டிதான். கொட்டகைக்கும் ஷோரூமுக்கும் இடையில் உள்ள வழி.

அதையும் டிக்கியிலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

எல்லாம் முடிந்து, அட்டைச் சாவியைக் கொடுக்கும்போது மேலாளர் மெதுவாகக் கேட்டார், எங்கள் ஆள் யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா என்று. கேட்டுக்கொண்டே எங்கள் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பார்வை என்னிடம் வருவதற்குள் அந்த அம்மாவின் விரல் என்னை நோக்கி நீண்டது.

"சொல்லவா? நேத்து இந்த ஆளுக்குத்தான் போன் பண்ணிக் கேட்டேன். ஒரு கீறல்கூட இல்லன்னு வாய் கூசாமச் சொன்னாரு. உங்க எல்லாருக்கும் பத்து போடறேன் சார். இவருக்கு மட்டும் பூஜ்யம்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மேலாளர் என் தோளில் கைபோட்டார். "அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டும் வாயத் தொறக்கல பாரு. நீதான்யா நம்ம ஆளு."

அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. நேற்று போன் வந்தபோது மேலாளர் பக்கத்து மேஜையில் இருந்தார். ஒரு கீறல்கூட இல்லை மேடம் என்று அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போனதும், "இடது பக்கப் பின்கதவத் தொட்டுப் பாருங்கம்மா" என்றேன்.



"உங்க வேலைக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.