இளைய இதயம் ஏற்றும் கொடி

எங்கள் குடியிருப்பில் குடியரசு தினக் கொடியை, தன் வயதைவிட இதயம் அதிகம் இளமையாக உள்ளவர்தான் ஏற்றவேண்டும். வாசல் பலகை எல்லோருடைய இதய வயதையும் காட்டிவிடும். சங்கத் தலைவர் சபேசன் சால்வையோடும் ஆறு பக்க உரையோடும் தயாராக நின்றார்.

பலகை ஒளிர்ந்தது. சபேசன்: வயது 60, இதயம் 71. குமுதவல்லி: வயது 58, இதயம் 44.

“முடக்குவாதம் வந்தா இதயமும் சீக்கிரம் கெடும்பாங்களேம்மா?” என்றார் சபேசன், குமுதவல்லியின் வீங்கிய விரல் மூட்டுகளைப் பார்த்து.

“அந்தப் பயத்துலதான் சார், இருபது வருஷமா மாத்திரை, நடை, பிரஷர் செக்கப் எதையும் விடல. உங்களை யாரும் பயமுறுத்தலையா?”

“உங்க விரல்தான் மடங்காதே, கயித்தை நான் வேணா...”

குமுதவல்லி கயிற்றை முழங்கையில் சுற்றி இழுத்தாள். கொடி விரிந்தது. பூக்களெல்லாம் அந்த ஆறு பக்கத்தின்மேல் கொட்டின.

“சல்யூட் அடிங்க சார்,” என்றாள்.