அமலிக்கு வந்த விளம்பரங்கள்

“அந்தச் சட்டம் வரவே கூடாது சுனிதா. நான் கையெழுத்துப் போடமாட்டேன், போ.”

மூன்று மாடி ஏறிவந்த மூச்சு சுனிதாவுக்கு இன்னும் அடங்கவில்லை. நுகர்வோர் சங்கத்துக்காகக் கையெழுத்து கேட்டு ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்த அமலி ஆண்ட்டி மறுப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

“புரிஞ்சுதான் பேசுறீங்களா ஆண்ட்டி? போன்ல நாம எதைத் தேடுறோம்னு கம்பெனிக்காரன் ஒளிஞ்சு நின்னு பார்க்கிறான். அதை வெச்சே விளம்பரம் அனுப்புறான். சம்மதம் கேக்காம பார்க்காதேன்னு ஒரு சட்டம் வேணாமா?”

“பார்க்கட்டுமே! அமெலே, அம்மாடி, என்ன அறிவுங்கிறே அதுக்கு! உக்காரு, காட்டுறேன்.”

அமலி போனை ஜெபப் புத்தகம்போல் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

“முதல்ல குளிருக்குப் போடுற கோட்டு விளம்பரமா வந்துச்சு. இந்த ரங்கூன் புழுக்கத்துல கோட்டு! அப்புறம் கல்யாண மோதிரம். போன மழையில வெறும் ஜுர மருந்து. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, ஜெபம்தான். அப்புறம் என்ன வந்துச்சு தெரியுமா? தொட்டில்!”

“தொட்டிலா! அங்கிளுக்குத் தெரியுமா?”

“சீ, வாலு!”

சொன்ன பிறகுதான் சுனிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பௌத்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நின்ற ஒரே மகன் ஆண்ட்ரூவை அங்கிள் விரட்டிவிட்ட வீடு இது. நம்பரை மாற்றிக்கொண்டு போனவன் எந்த ஊரில் இருக்கிறானோ, யாருக்கும் தெரியாது. இங்கே போய்த் தொட்டில் பேச்சு.

“இதுல என்ன அறிவு ஆண்ட்டி? உங்க வயசுக்குத் தொட்டில் விக்கிறவன் மடையன்.”

“மெதுவா பேசு, அங்கிள் தூங்குறார்.”

கையிலிருந்த திரையில் புதிதாக ஏதோ வந்தது. அமலி உற்றுப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

“சுனிதா, இங்க பாரேன்! ஞானஸ்நானக் கவுன். சரிகைப் பூ வெச்சது. பொண்ணு! அப்ப கோயிலையும் விடல!”

யார் விடவில்லை? சுனிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கண்ணீர் வழிய வழிய வியப்பு பொங்கிய அந்த முகம், விளம்பரம் பார்க்கும் முகமாக இல்லை.

“சரி ஆண்ட்டி, அவ்வளவு பிடிச்சிருந்தா கவலையே வேணாம். சட்டம் வந்த பிறகும் சம்மதம்னு ஒரு தட்டு தட்டுங்க. எல்லா விளம்பரமும் வரும்.”

“நான் தட்டிடுவேன். ஆண்ட்ரூ தட்டுவானா?”

“ஆண்ட்ரூ எங்க வந்தான் இதுல?”

அமலி உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். “நம்ம ஊர் போன் கடைக்காரங்க வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, என் போனுக்கும் ஆண்ட்ரூ போனுக்கும் ஒரே ஈமெயில் கணக்கைப் போட்டுக் குடுத்தாங்க, நம்பரை மாத்தினவன் அதை மாத்த மறந்துட்டான். கம்பெனிக்காரன் ஒளிஞ்சு பார்க்கிறது என்னை இல்லடி, அவனை. அந்தக் கம்பெனிக்காரன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு நானும் என் புள்ளையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”