சிக்கிக்கொண்ட சாக்ஸபோன்

சமுதாய வானொலியில் மாலை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தும் ரெஜினா, திடலில் தொடங்கவிருக்கும் கூத்தைப் பற்றி அறிவித்துவிட்டு இசைத்தட்டை ஓடவிட்டாள். பாதியில் தட்டு சிக்கிக்கொண்டது. சாக்ஸபோன் ஒரே துணுக்கையே திரும்பத் திரும்ப வாசித்தது. அவள் பதறிப்போய் நிறுத்தக் கைநீட்டியபோது தொலைபேசி அடித்தது.

“நிறுத்திப்புடாதம்மா. கூத்துல முகவீணை, அதான் குட்டி நாயனம், வாசிக்கிற மாசிலாமணி பேசுறேன். ஒங்க ரேடியோவத்தான் இங்க ஸ்பீக்கர்ல போட்டுருக்கோம். மத்தளக்காரரு இப்பத்தான் அந்தத் தாளத்தப் புடிச்சாரு.”

அவர் குரலுக்குப் பின்னால் மத்தளம் அந்தத் துணுக்கின் இடுக்குகளில் புகுந்து துள்ளிக்கொண்டிருந்தது. ரெஜினா தொலைபேசியை மைக்குக்கு நேரே பிடித்தாள். சாக்ஸபோனும் மத்தளமும் சேர்ந்து ஊரெல்லாம் கேட்டன.

திடீரென்று தட்டு தானாகவே விடுபட்டு அடுத்த வரிக்குத் தாவியது. மத்தளம் தடுமாறி நின்றது.

“அடடா, போயிருச்சே” என்றார் மாசிலாமணி.

“நீங்க இருக்கீங்களே, ஐயா.”

வானொலியில் யாரும் செய்யத் துணியாததை ரெஜினா செய்தாள். தட்டின் ஒலியை முழுக்க இறக்கிவிட்டு, தொலைபேசியை மைக்கோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தாள். ஊர் முழுக்க வெறும் நிசப்தம் ஒலிபரப்பானது. அந்த நிசப்தத்துக்குள், சாக்ஸபோன் சிக்கியிருந்த அதே இடத்தில், முகவீணை மெல்லக் கால் வைத்தது.