கருங்கோள் ராணி

"ஜான்சிக்கு வயித்தெரிச்சல். அவ கையில மேக்கப்பைக் குடுக்காத. நாடகத்தையே கெடுத்துடுவா" என்று மாலதி காயத்ரியிடம் சொன்னது, திரைக்குப் பின்னால் நின்ற ஜான்சிக்கு நன்றாகவே கேட்டது.

வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

2009-ம் வருஷம். சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து நாடகப் போட்டிக்காகக் கடலூர் வந்திருந்தார்கள். நாடகத்தின் பெயர் 'கருங்கோள்'. எழுதி, இயக்கி, எல்லோரையும் அதட்டி வேலை வாங்கியது காயத்ரி.

ஐந்நூறு வருஷம் கழித்து பூமிக்காரர்கள் ராக்கெட்டில் ஒரு கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கே எல்லோரும் அட்டைக் கறுப்பு. கறுப்பு கூடக் கூட மரியாதையும் கூடும். வெளுத்த பூமிக்காரர்களைப் பார்த்து அந்த ஊர்ப் பிள்ளைகள் பேய் என்று அலறும். கடைசியில் கருங்கோள் ராணி பேசுகிற பேச்சில் பூமிக்காரர்கள் தலைகுனிந்து நிற்பார்கள்.

அந்த ராணி வேஷத்தைத்தான் ஜான்சி கேட்டாள்.

சொந்த ஊரான பெண்ணாடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போதெல்லாம் அவளுக்கு ஆடு மேய்க்கிற வேஷம், இல்லாவிட்டால் பிசாசு வேஷம். இறக்கை கட்டிக்கொண்டு தேவதூதராக வருகிற சம்மனசு வேஷம் அவள் பக்கம் வந்ததேயில்லை. கறுப்பு ராணி என்றதும், நமக்கென்றே எழுதியது என்று நம்பிவிட்டாள் பாவம். ஒரே நாளில் வசனம் முழுக்க மனப்பாடம்.

காயத்ரி அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதடி. நீ நல்லாத்தான் பேசுற. ஆனா ஸ்டேஜ் லைட்டுல ஒன் மூஞ்சி எடுக்காது. ராணின்னா கொஞ்சம் களையா இருக்கணும்ல?"

"ராணி கறுப்புதானடி?"

"கறுப்புதான். அது மேக்கப்புல வந்துடும்."

ஆக, வகுப்பிலேயே சிவப்பான மாலதி ராணி ஆனாள். ஜான்சிக்கு மேக்கப் வேலை.

கண்மை, விளக்கெண்ணெய், பழுப்புப் பவுடர். முதலில் குழைத்தது சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

"ஒன் கை மேல தடவிப் பாரு. வித்தியாசம் தெரியலன்னா அதான் சரியான கலரு" என்றாள் காயத்ரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜான்சி தன் முழங்கையில் தடவித் தடவிப் பார்த்துக் குழைத்தாள். எட்டு முகத்துக்குப் பூசினாள். கடைசியாக மாலதி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். எண்ணெய் ஒரு சொட்டு கூடினால் போதும், விளக்குச் சூட்டில் மூஞ்சியெல்லாம் வழிந்துவிடும். ஜான்சியின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு காதுக்குப் பின்னால்கூட விடாமல் ஒழுங்காகப் பூசி முடித்தாள்.

மேடையில் கடைசிக் கட்டம். ராணிக்கு வசனம் மறந்துபோயிற்று. மாலதி திருதிருவென்று விழித்தாள்.

ஜான்சிக்குத் தாங்கவில்லை. தான் பேசவேண்டிய வசனம் இப்படி அநாதையாக நிற்பதா? திரை ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாலதி பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எங்க தோலுக்கு நீங்க பேரு வச்சீங்க. நாங்க ஒங்களுக்கு எலை போட்டுச் சோறு வச்சோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் பரிசு.

வேஷம் கட்டியவர்கள் பின்பக்கக் குழாய்க்கு ஓடினார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பழைய முகத்தோடு சிரித்துக்கொண்டு மேடை ஏறினார்கள்.

"நீயும் வாடி, நீ பூசலன்னா நாடகமே இல்ல" என்று காயத்ரி ஜான்சியின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

தலைமை விருந்தினர் ராமாமிர்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேசும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெறத்தை வச்சி மனுசனை எடை போடுற புத்தி நமக்கெல்லாம் இருக்கு. இந்தப் புள்ளைங்க இன்னிக்கி என் கண்ணைத் தொறந்துட்டாங்க!"

ஒவ்வொருத்திக்கும் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தார். வரிசையில் கடைசி ஜான்சி. அவள் முகத்தைப் பார்த்தவர், மைக் கையில் இருப்பதையும் மறந்து வாஞ்சையாகக் கேட்டார்.

"எல்லாரும் வேஷத்தைக் கலைச்சிட்டு வந்துட்டாங்க. நீ மட்டும் இன்னும் மூஞ்சி கழுவலியாம்மா?"

அரங்கமே கேட்டது. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். காயத்ரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாசமாக ஜான்சி பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. இப்போது உண்மையைச் சொன்னால் போதும். பெரியவரின் பேச்சு, காயத்ரியின் நாடகம், முதல் பரிசு எல்லாம் ஊர் பார்க்கச் சந்தி சிரித்துவிடும்.

மைக் அவள் வாயருகே வந்தது.

"கொழாயில தண்ணி நின்னுபோச்சி சார்" என்றாள் ஜான்சி.