செண்பகத்தின் கால்

பல்வலிக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் கதிரேசனின் குடலைக் கெடுத்து மூன்று வருடமாகிறது. வயிற்றுப்போக்கை எந்த மருந்தும் நிறுத்தவில்லை. ஆன்டிபயாடிக்கே தொடாத ஒருவரின் மலத்திலுள்ள நல்ல கிருமிகளைக் கொண்டு செய்த குளிகைதான் நிறுத்தியது. அப்படிப்பட்ட குடல் அந்த ஊரில் அவன் மனைவி செண்பகத்துக்கு மட்டுமே இருந்தது. வாராவாரம் குளிகைக்கான மலத்தை ஆஸ்பத்திரியில் டப்பாவில் கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள்.

இப்போது ஆணி குத்தி அவள் கால் சீழ் பிடித்துவிட்டது.

"ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டா இனிமே உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. போடலைன்னா காலே போயிடும்," என்றார் டாக்டர்.

செண்பகம் கணவனைப் பார்த்தாள்.

"போட்டுக்கோ," என்றான் அவன்.

"நீங்க?"

"கட்டிலைக் கக்கூஸ் பக்கத்துல போட்டுக்கறேன்."

மாத்திரையை விழுங்கிவிட்டு, "என் கட்டிலையும் அங்கயே போடுங்க," என்றாள்.