முப்பதாவது நாள்

காலை எட்டரைக்கெல்லாம் வரதராசு வந்துவிட்டார். வேட்டி ஓரம் நனைந்திருந்தது. கையில் இலையில் மடித்த துளசி.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் இருந்த பிரேமலதா எழுந்து நின்றாள். கணவனின் அண்ணன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து அவள் பேசியதில்லை.

"ஸ்ரீரங்கத்துல இறங்கிட்டு வரேம்மா. பெருமாள்கிட்ட இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கேட்டேன். வேற எதுவும் கேக்கல."

அவள் துளசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ரெங்கராஜ் கிடந்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் காலை ஷிஃப்டுக்கு வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு நடப்பதற்குள் சுருண்டு விழுந்தவன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. நாற்பத்தாறு வயது. அன்றிலிருந்து அவனுக்காக இயந்திரம்தான் மூச்சு விடுகிறது.

ஆறாம் நாளே டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நினைவு திரும்பாது. இயந்திரத்தை எடுத்தால் ஒரு மணி நேரமோ, ஒரு நாளோ. செலவை ரயில்வே பார்த்துக்கொள்வதால் அவசரமில்லை, வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள்.

வரதராசுவுக்குக் கலந்து பேச ஒன்றுமில்லை. உப்பிலியபுரத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்றார். பிறந்த வீட்டில் போகட்டும். வாயில் குழாயோடு தம்பியைப் பார்க்க அவரால் முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

அப்போதுதான் பிரேமலதா சொன்னாள்.

"மாமா, அவர் ஒரு பாலிசி போட்டிருக்கார்."

பெரிய நோய் வந்தால் தருகிற பாலிசி. ஆஸ்பத்திரி பில்லுக்கானது இல்லை. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலே மொத்தமாகப் பத்து லட்சம் கையில் தந்துவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து முப்பது நாள் ஆள் உயிரோடு இருக்கவேண்டும். இருபத்தொன்பதாம் நாள் போய்விட்டால் ஒரு பைசா வராது.

திக்காமல் திணறாமல் சொன்னாள்.

வரதராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ளையும் இல்ல. உனக்குன்னு ஒரு பிடிமானம் வேணும்ல" என்றார். அதற்கப்புறம் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை.

வெங்காயக் காட்டை மனைவியிடம் விட்டுவிட்டு, தினமும் துறையூரில் பஸ் மாறி வந்தார். கண்ணாடி வழியே பார்த்து, "பொறுத்துக்கடா, பொறுத்துக்க" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். பதினெட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி ரெங்கராஜின் உடம்பு அனலாய்க் கொதித்தபோது, டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இன்னும் பன்னெண்டே நாளுங்கய்யா" என்று கெஞ்சியவரும் அவர்தான்.

இருபத்திரண்டாம் நாள் ரெங்கராஜின் கால் கட்டைவிரல் அசைந்தது. பிரேமலதா ஓடிப்போய் நர்ஸ் ஷெர்லினைக் கூட்டிவந்தாள். ஷெர்லின் பார்த்துவிட்டு, "அது தானா அசையறதுதான், அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள்.

பிரேமலதாவுக்கு அது தானாக அசைந்ததாகத் தெரியவில்லை.

இன்று முப்பது.

"தாண்டிட்டாம்மா" என்றார் வரதராசு. எத்தனையோ நாள் கழித்து அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போயிடலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். பட்டது போதும் அவன்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"முப்பது இல்ல மாமா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். தொண்ணூறு."

வரதராசு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். எண்ணி முடித்தும் மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"தை பொறந்துடும்" என்றார். பிறகு, "சரிம்மா" என்றார்.

ஆம்புலன்ஸ்காரருக்கு வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். தம்பிக்குப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர்தான், ஆனால் இந்த ஒரு மாதத்தில் கிழவராகியிருந்தார்.

தொண்ணூறு என்பதும் அவளாக இட்டுக்கட்டியது இல்லை. அதையும் ஏஜென்ட் பிலோமின்ராஜ்தான் சொல்லியிருந்தார். பாலிசி எடுத்துத் தொண்ணூறு நாளுக்குள் நோய் வந்தால் பணம் கிடையாது என்று. போன ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார். ரெங்கராஜ் பொறுமையாகக் கேட்டான். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டான்.

காபி கொண்டுவந்தவள் டம்ளரை அந்தப் படிவத்தின் மேலேயே வைத்தாள்.

"கல்லு மாதிரி இருக்கீங்க. நோய்க்கு நாமளே எதுக்குங்க கையெழுத்துப் போட்டுக் கூப்பிடணும்?"

ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினான். பிலோமின்ராஜ் காபியைக் குடித்துவிட்டு, கையெழுத்து விழாமல் டம்ளர் வட்டம் மட்டும் விழுந்த அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு உள்ளே ஒருவரை விட்டார்கள். பிரேமலதா கட்டிலருகே குனிந்தாள். இயந்திரத்தின் சத்தத்தில் தன் குரல் கேட்குமோ கேட்காதோ என்று, அவன் காதோடு வாயை வைத்தாள்.

"இன்னும் அறுபது நாள் வாங்கியிருக்கேங்க."