லோடு

நாக்பூரிலிருந்து வந்து லாரியை நிறுத்தியபோதே சட்டம் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் தொழில் மணி செங்கோடனுக்குத் தீர்ந்திருந்தது. இனிப் பத்து மணி நேரத்துக்கு எந்த வண்டியைத் தொட்டாலும் சொந்த ஓட்டம் மட்டும்தான்.

வீட்டில் மனைவி வளர்மதிக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அன்றைய மணி முடிந்துவிட்டதாம். அவளைத் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தான்.

“தொழிலா, சொந்தமா?” என்று கேட்டது கார்.

“சொந்தம்.”

பாதி வழியில் மச்சினன் போன் செய்தான். “மாமா, கெளம்பிட்டீங்களா?”

“லோடு ஏத்திட்டன் மாப்ள. அர மணி நேரத்துல ஆசுபத்திரில எறக்கிருவன்.”

இருபது வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. வலியிலும் வளர்மதி சிரித்தாள். கார் ஓரங்கட்டி நின்றது.

“சரக்கு ஏற்றியிருக்கிறீர்கள். உங்கள் தொழில் மணி முடிந்துவிட்டது.”

“அய்யோ, அது என்ற பொண்டாட்டிங்க! சும்மா சொன்னனுங்க!”

“சரக்கை இறக்கினால் சொந்த ஓட்டத்தைத் தொடரலாம்.”

கெஞ்சினான். ஸ்டியரிங்கைக் குத்தினான். அந்தப் பொட்டல்காட்டுச் சாலையில் வேறு வண்டியே வரவில்லை. கடைசியில் அவளைத் தூக்கிப்போய் வேலமர நிழலில் கிடத்தினான். உடனே எஞ்சின் உறுமியது. திரும்பத் தூக்கிவந்து சீட்டில் வைத்தான், அணைந்தது. மறுபடியும் இறக்கினான், மறுபடியும் உறுமியது.

அடுத்த முறை தூக்கப் போனபோது வளர்மதி அவன் கையைத் தள்ளிவிட்டாள். “வேண்டாமுங்க. தல வந்துருச்சு.”

வெளியே வந்த குழந்தை அழவில்லை. செங்கோடன் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“சரக்கு இறங்கிவிட்டது,” என்றது கார். “நீங்கள் போகலாம்.”